கூறியது கூறலும் மற்றொன்று விரித்தலும்

பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்து சேர்ந்த 1990களின் தொடக்கத்தில், வாசகர் கடிதங்களைப் படித்துத் தரம் பிரித்து ஆசிரியரிடம் ஒப்படைப்பது எனது வேலைகளில் ஒன்றாக இருந்தது. ஆறுமுக நாவலரின் குருபூசையை ஒட்டியோ தைப்பூசத்தை ஒட்டியோ எவராவது ஒரு கட்டுரை எழுதுவார். அதிலே அருட்பா மருட்பா விவகாரம் பற்றி ஒரு வரி வந்துவிடும். அடுத்த வாரமே கடிதங்கள் குவியும். முதல் வாரக் கடிதங்களில் நாவலரும் வள்ளலாரும் இருப்பார்கள். இரண்டாவது வாரத்தில் கடிதம் எழுதியவர்களின் தமிழறிவு விசாரிக்கப்படும். மூன்றாவது வாரத்தில் அவர்களின் ஊரும் உறவும் வந்துவிடும். "இத்துடன் இவ்விவாதம் முற்றுப்பெறுகின்றது" என்று ஆசிரியர் ஒரு குறிப்பைப் போட்டு முடித்து வைப்பார். அடுத்த ஆண்டு அதே விவாதம், அதே முதல் வரியிலிருந்து, மறுபடியும் தொடங்கும்.

எங்கள் ஒப்புநோக்குநர்களில் மூத்தவரான ஒருவர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "தம்பி, இந்தக் கடிதம் போன வருசமும் வந்ததெல்லே? ஆளின்ரை பேர்தான் வேறை." அவர் சொன்னது சரியா என்று பார்க்க விரும்பினேன். பழைய பத்திரிகைகள் மாதவாரியாகக் கட்டப்பட்டு ஓர் அறையில் அடுக்கப்பட்டிருந்தன. எந்த மாதம் என்று தெரிந்தால் எடுத்துவிடலாம். எந்த விடயம் என்று மட்டும் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு மாலைப்பொழுதுகள் தூசியில் கழிந்த பின்னர் அந்தக் கடிதத்தைக் கண்டெடுத்தேன். அவர் சொன்னது சரிதான். அதற்கு வந்த பதிலும், அந்தப் பதில் சுட்டிக்காட்டிய தவறும் அங்கேயே இருந்தன. ஓராண்டுக்கு முன்னர் திருத்தப்பட்ட ஒரு தவறை நாங்கள் மறுபடியும் அச்சிடத் தயாராகிக்கொண்டிருந்தோம்.

பல்கலைக்கழகத்தில் படித்த நன்னூல் அப்பொழுது வேறொரு பொருளோடு நினைவுக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினைப் பட்டியலிட்டார். அவற்றுள் ஒன்று கூறியது கூறல். இன்னொன்று மற்றொன்று விரித்தல். முன்னர் சொன்னதையே திரும்பச் சொல்வது முதலாவது. எடுத்த பொருளை விட்டு வேறொன்றை வளர்ப்பது இரண்டாவது. பரீட்சைக்காக மனனம் செய்த காலத்தில் இவை இரண்டும் வெவ்வேறு குற்றங்கள் என்றே எண்ணியிருந்தேன். நூல் ஒன்றுக்குள் அவை வெவ்வேறானவையே. ஆனால் பலர் கூடி நடத்தும் விவாதத்தில் இரண்டுக்கும் வேர் ஒன்று. முன்னர் கூறப்பட்டது கைக்கு எட்டாதபோது கூறியதையே கூறுகின்றோம். அதிலே சலிப்பு வந்ததும் மற்றொன்றை விரிக்கத் தொடங்குகின்றோம்.

அருட்பா மருட்பா விவகாரமே இதற்கு நல்ல சான்று. சிதம்பரம் இராமலிங்க சுவாமிகளின் பாடல்களை அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867இல் 'திருவருட்பா' என்ற பெயரில் பதிப்பித்தார். அவற்றைத் திருமுறைகளாகவும் வகுத்தார். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகியவற்றையே சைவர்கள் அருட்பா எனக் கொள்வது மரபு. சமகாலத்தவர் ஒருவரின் பாடல்களை அந்தப் பெயரால் அழைக்கலாமா? எழுந்த கேள்வி இதுதான். 1869இல் 'போலியருட்பா மறுப்பு' வெளிவந்தது. அது நாவலரின் பக்கத்து வாதம். மறுபக்கத்திலிருந்தும் பதில்கள் வந்தன. இருபக்கத்தாரும் கற்றவர்கள், கேள்வியும் நேரானது.

ஆனால் விவாதம் அந்தக் கேள்வியில் நிற்கவில்லை. கண்டனம், கண்டனத்துக்குக் கண்டனம் என்று சிறு பிரசுரங்கள் பெருகின. பாட்டின் இலக்கணப் பிழையிலிருந்து பாடியவரின் ஒழுக்கத்துக்கும், எழுதியவரின் ஒழுக்கத்துக்கும் பேச்சு நகர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புலோலியூர் நா. கதிரைவேற்பிள்ளை சென்னையில் நாவலரின் பக்கம் நின்று வாதாடினார். மறைமலையடிகளும் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலரும் வள்ளலாரின் பக்கம் நின்றனர். நாவலர் 1879இல் மறைந்தவர். வள்ளலார் அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1874இல், மறைந்தவர். வாதித்த இருவரும் இல்லாத பின்னரும் வாதம் நடந்தது.

1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் நடந்த வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளலார் நீதிமன்றத்துக்குள் நுழைந்தபோது நாவலரே எழுந்து நின்றார் என்றும், அதனால் வழக்குத் தள்ளுபடியாயிற்று என்றும் ஒரு கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகின்றது. எங்களுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை இந்தக் கதையை நம்பியோ மறுத்தோ எழுதப்பட்டவை. பாடல்கள் அருட்பாவா இல்லையா என்பதே அந்த வழக்கு என்று அவர்களில் பலர் எண்ணியிருந்தனர். உண்மையில் அது அவதூறு வழக்கு. சிதம்பரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் தம்மை இழிவுபடுத்திப் பேசினார்கள் என்பதே நாவலரின் முறைப்பாடு. திருவருட்பாவின் பெயரைப் பற்றி எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக வழக்கின் பொருளே மாறிப்போயிருந்தது. வழக்கைப் பற்றியும் வாதத்தைப் பற்றியும் அக்காலத்தவர் எழுதியவை சிதறிக் கிடந்தமையே அதற்குக் காரணம்.

சிதறியவற்றைத் தேடிச் சேர்த்தவர் தமிழகத்து ஆய்வாளர் ப. சரவணன். இருபக்கத்துக் கண்டனங்களையும் அவர் திரட்டிய பெருந்தொகுதி 2010இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. அதன் பின்னர் இந்த விவகாரம் பற்றி எழுதுபவர் யாராக இருந்தாலும், முதலில் யார் என்ன சொன்னார் என்பதைப் பார்த்துவிட்டு எழுத வழியுண்டு. பாராமல் எழுதுபவரை, இன்ன பக்கத்தைப் பாருங்கள் என்று ஒரு வரியில் நிறுத்தவும் வழியுண்டு. விவாதத்தைப் பொருளில் நிறுத்துவதற்கு நடுவரின் அதட்டலைக் காட்டிலும் அந்த ஒரு வரி வலியது.

இதை நன்கு உணர்ந்த ஒரு மாணவனின் கதை அமெரிக்காவில் உண்டு. யேல் கல்லூரியில் மாணவர்கள் நடத்திய விவாதச் சங்கங்கள் சொந்த நூலகங்களை வைத்திருந்தன. (அந்தக் கல்லூரிக்குப் பெயர் தந்த எலிகு யேல் சென்னைப்பட்டினத்துக் கோட்டையில் ஆளுநராக இருந்தவர். அவரைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. ஆனால் அது மற்றொன்று விரித்தலாகும்.) அச்சங்கங்களில் ஒன்றான 'பிரதர்ஸ் இன் யூனிட்டி'யின் நூலகத்தில் 1840களில் வேலை செய்தவர் வில்லியம் பிரெடெரிக் பூல். கையில் பணமின்றிப் படிப்பை இடையில் நிறுத்திச் சில ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பி வந்த மாணவர் அவர்.

விவாதத்துக்கு ஒரு தலைப்பு அறிவிக்கப்பட்டதும் மாணவர்கள் நூலகத்துக்கு ஓடி வருவார்கள். அந்தப் பொருள் பற்றிய நல்ல கட்டுரைகள் பழைய சஞ்சிகைகளில் இருந்தன. ஆனால் எந்தத் தொகுதியில், எந்தப் பக்கத்தில் என்று எவருக்கும் தெரியாது. சஞ்சிகைகள் அலுமாரியிலேயே இருந்தன. மாணவர்கள் வாயில் வந்ததைப் பேசினார்கள். சங்க நூலகராக இருந்த ஜோன் எட்மண்ட்ஸ், விவாதத் தலைப்புகளுக்கு ஆதாரங்கள் காட்டும் ஒரு சிறு பிரசுரத்தை 1847இல் வெளியிட்டிருந்தார். பூல் அதற்கு அப்பாலும் சென்றார். சஞ்சிகைத் தொகுதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, கட்டுரைகளைப் பொருள்வாரியாக அகரவரிசையில் எழுதினார். 1848இல் அது 154 பக்க நூலாக வந்தது. அச்சிட்டவை 500 பிரதிகள் மட்டுமே.

1853இல் வந்த இரண்டாம் பதிப்பு 521 பக்கங்களுக்கு வளர்ந்தது. அதன் பின்னர் ஒருவரால் செய்து முடிக்கும் அளவை அந்த வேலை தாண்டிவிட்டது. 1876இல் பிலடெல்பியாவில் அமெரிக்க நூலகச் சங்கம் உருவானபோது ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. நூலகங்கள் ஆளுக்குச் சில சஞ்சிகைகளை ஏற்றுக்கொண்டு, ஒரே முறையில் குறிப்பெடுத்து அனுப்ப வேண்டும். பூல் அவற்றைத் தொகுப்பார். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலுமாக ஏறக்குறைய 50 நூலகங்கள் ஊதியமின்றி இதில் இணைந்தன. 1882இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு 200க்கும் மேற்பட்ட சஞ்சிகைகளின் 6,000க்கும் மேற்பட்ட தொகுதிகளை அடக்கியிருந்தது. ஒரு மாணவர் விவாதச் சங்கத்தின் தேவைக்காகத் தொடங்கிய வேலை அது.

பூலின் அட்டவணையில் ஒரு குறை இருந்தது. தொகுதி எண்ணும் பக்க எண்ணும் கொடுத்த அவர் ஆண்டைக் கொடுக்கவில்லை. ஒரு கருத்து எப்பொழுது சொல்லப்பட்டது என்று தெரியாவிட்டால் அது எதற்குப் பதில் என்றும் தெரியாது. இந்தக் குறையை நான் குறிப்பாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கின்றேன்.

இனி நம்முடைய நிலைமைக்கு வருவோம். ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகையின் வரலாறு, அமெரிக்க மிஷனாரின் 'உதயதாரகை' வெளிவந்த 1841ஆம் ஆண்டு சனவரி 7ஆம் திகதியிலிருந்து சொல்லப்படுகின்றது. பூலின் முதற் பதிப்புக்கு ஏழாண்டுகள் முன்னர். சைவர்களும் கிறிஸ்தவர்களும் அதில் கடிதம் எழுதி வாதிட்டனர். தகவலை அகரவரிசைப்படுத்தித் தருவதிலும் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். மானிப்பாய் முத்துத்தம்பிப்பிள்ளையின் 'அபிதானகோசம்' 1902இலேயே யாழ்ப்பாணத்தில் அச்சேறியது. ஆயினும், இந்த 180க்கும் மேற்பட்ட ஆண்டுகளில் நமது பத்திரிகைகளில் யார் எதைப் பற்றி எப்பொழுது எழுதினார் என்று காட்டும் ஒரு முழுமையான பொருளட்டவணை நம்மிடம் இல்லை.

அட்டவணை செய்வதற்கு முதலில் பத்திரிகை இருக்க வேண்டும். 1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதே நாள்களில் 'ஈழநாடு' பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. பின்னர் வந்த போரிலும் இடப்பெயர்வுகளிலும் வீட்டுப் பெட்டகங்களில் இருந்தவையும் போயின. அந்தத் தீயைப் பற்றிப் பேசும்போது அரிய ஏடுகளையும் நூல்களையும் நினைத்து வருந்துகின்றோம். அவற்றோடு நாம் பேசி முடித்த பல வாதங்களின் முடிவுகளும் எரிந்தன என்பதை நினைப்பதில்லை. முடிவு எரிந்துபோனால் வாதம் மறுபடியும் தொடக்கத்துக்குப் போகின்றது.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் எஞ்சியவற்றைத் தேடி மின்வடிவாக்கி வருகின்றது. ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கில் இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் படிக்கக் கிடைக்கின்றன. தன்னார்வத்தாலும் சிறு நன்கொடைகளாலும் வளர்ந்த அந்த உழைப்புக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கின்றோம். எனினும் பக்கத்தைப் படமெடுத்து வைப்பது வேறு. அந்தப் பக்கத்தில் என்ன இருக்கின்றது என்று பொருள்வாரியாகக் குறிப்பது வேறு. பத்திரிகை அறையில் நான் இரண்டு மாலைப்பொழுதுகள் தேடியதை, இன்று திரையின் முன்னால் இருந்து தேட வேண்டியிருக்கின்றது. பூல் செய்ததைப் போல, பலர் ஆளுக்குச் சில தொகுதிகளை ஏற்றுக்கொண்டால் இது நடக்கக்கூடிய வேலைதான். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பத்திரிகையாளர்களும் உலகெங்கும் இருக்கின்றார்கள்.

அதற்கும் முன்னர் ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. எனது தந்தையார் நாற்பது ஆண்டுகளாகப் பத்திரிகை நறுக்குகளைச் சேர்த்தவர். அவர் மறைந்த பின்னர் அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தேன். மரபு பற்றி, மொழி பற்றி, கோயிற் பிரவேசம் பற்றி நல்ல கட்டுரைகளும் காரசாரமான மறுப்புகளும் இருந்தன. கத்தரித்த கை அழகாகக் கத்தரித்திருந்தது. ஆனால் எந்த நறுக்கிலும் பத்திரிகையின் பெயர் இல்லை, திகதியும் இல்லை. எது கேள்வி, எது பதில், எது பதிலுக்குப் பதில் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பின்பக்கத்திலுள்ள பாதி விளம்பரங்களை வைத்து ஆண்டைக் கணிக்க முயன்றுகொண்டிருக்கின்றேன்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு பெட்டி இருந்தால், அதைச் சேர்த்தவர் இன்னும் உங்களோடு இருந்தால், இந்த வாரமே அவரருகில் அமர்ந்து கேட்டு எழுதிவிடுங்கள். பத்திரிகையின் பெயரும் திகதியும் போதும்.