பாட்டிமார் கொண்டுபோன மெட்டு

சங்கீத சரித்திரம் எழுதுகிறவர்களுக்குச் சிஷ்ய பரம்பரை இருந்தால்தான் கண் தெரியும். தியாகராஜருடைய கீர்த்தனங்களை வாலாஜாபேட்டைச் சீடர்கள் எழுதிக் காத்தார்கள். தீட்சிதர் கிருதிகளை அவர் குடும்பத்துச் சுப்பராம தீட்சிதரே 1904-ல் ஸ்வரக் குறிப்போடு அச்சில் ஏற்றிவிட்டார். அதே 1904-ல்தான் திருவாங்கூரில் குட்டிக்குஞ்ஞு தங்கச்சி காலமானார். இரயிம்மன் தம்பியின் மகள். ஆட்டக்கதைகளும் கீர்த்தனங்களும் இயற்றியவர். தகப்பனார் பாடிய தாலாட்டு மலையாள வீடுகளில் இன்றும் கேட்கிறது. மகளின் பெயரைச் சொன்னால், யார் அது என்கிறார்கள். அரண்மனையை ஒட்டி வாழ்ந்தவருக்கே இந்தக் கதி என்றால், அக்கிரகாரத்து மூலையில் முடங்கிக் கிடந்த ஒரு கைம்பெண்ணுக்கு என்ன கிடைத்திருக்கும்?

செங்கோட்டை ஆவுடை அக்காளைத்தான் சொல்கிறேன். எங்கள் மயிலாடியைச் சேர்ந்த அகஸ்தீஸ்வரம் தாலுகாவும் செங்கோட்டையும் 1956 வரை ஒரே ராஜ்யத்தில் இருந்தவை. அவ்வருஷம் நவம்பர் 1-ந் தேதி ஒன்றாகத் தமிழகத்தோடு சேர்ந்தவை. ஆகவே அவளைப் பக்கத்து வீட்டு அக்காள் என்று கொண்டாட எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

விவரம் தெரியுமுன் கல்யாணம். விவரம் தெரியுமுன்பே தாலியும் போயிற்று. திருவிசநல்லூர் ஸ்ரீதர வேங்கடேச ஐயாவாள் அவளுக்கு உபதேசம் செய்தார் என்பது பரம்பரைச் செய்தி. ஐயாவாள் தஞ்சை ஷாஹஜி மன்னர் (1684-1712) காலத்தவர். அக்காளின் காலத்தையும் அதையொட்டி வைத்துக்கொள்ளலாம். கடைசியில் குற்றால மலைக்குப் போனவள் திரும்பவில்லை என்று கதை முடிகிறது.

அவள் பாடியது அத்வைதம். ஆனால் அதை வைத்த பாத்திரம் கும்மி, அம்மானை, சோபனம், குறவஞ்சி. பெண்கள் கைக்கு எட்டிய பாத்திரங்கள்! தீட்டு, மடி என்பவற்றை அவள் கேட்ட கேள்விகள் இன்றைக்கும் சிலருக்குத் தூக்கிவாரிப் போடும். 'சூடாலைக் கும்மி' என்று ஒன்று உண்டு. ஞானவாசிஷ்டத்தில் வரும் ராணி சூடாலை, கணவனுக்கு முன்பே ஞானம் பெற்றுவிடுகிறாள். மனைவி சொன்னால் ராஜா கேட்பானா? கும்பன் என்ற பிராமணப் பையனாக வேஷம் போட்டு வந்து உபதேசிக்கிறாள், அப்போது கேட்கிறான். இந்தக் கதையைச் சமையலறைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தார்கள் என்றால், கூடத்தில் உட்கார்ந்திருந்த ஆண்கள் காதில் அது விழவில்லையா, விழுந்தும் புரியவில்லையா என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம்.

இப்படிப் பெண்கள் வாய்வழியாகவும் நோட்டுப் புத்தகங்களிலும் கிடந்ததைச் சிலர் தேடிச் சேர்த்தார்கள். ஆய்க்குடி வேங்கடராம சாஸ்திரிகளை இங்கே மறக்கக் கூடாது. 2002-ல் தபோவனம் ஞானானந்த நிகேதனம் பாடல் திரட்டை வெளியிட்டது. 2012-ல் காஞ்சனா நடராஜன் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். வார்த்தைகள் பிழைத்தன.

மெட்டு? எங்கள் மயிலாடி கல்தச்சர் ஊர். சிலையில் சிற்பியின் பெயர் இல்லாவிட்டாலும் சிலை நிற்கும். பாட்டு அப்படி நிற்பதில்லை; பாடுகிற தொண்டை போனால் மெட்டும் போய்விடும். அச்சுப் புத்தகத்தில் கும்மியின் அடிகள் இருக்கின்றன, கைதட்டு இல்லை.

இன்று இவற்றை மேடைக்குக் கொண்டுவருகிறவர்கள் தாங்களே ராகம் அமைத்துப் பாடுகிறார்கள். தப்பென்று சொல்லமாட்டேன். திருப்பாவைக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் ராகம் அமைத்தார். அது இல்லாத மார்கழியை இன்று நினைத்துப் பார்க்க முடியுமா? ஆனால் ஒரு வித்தியாசம். ஆண்டாள் பாடிய மெட்டைக் கேட்டவர் அரியக்குடி காலத்தில் எவரும் இல்லை. அக்காளின் பாட்டோ நேற்றுவரை பாட்டிமார் வாயில் இருந்தது. அவர்கள் பாடியது அக்காள் போட்ட மெட்டேதான் என்று சத்தியம் செய்ய முடியாது. தலைமுறைக்குத் தலைமுறை நெளிந்திருக்கும். இருந்தாலும் நாம் புதிதாகப் போடுவதைவிட அது அவளுக்கு நெருக்கம்.

அதனால், ஸ்வரம் எழுதுமுன் செங்கோட்டை, ஆய்க்குடி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு நடை போய்வருவது நல்லது. கும்மியில் எந்த இடத்தில் மூச்சு வாங்கினார்கள், எந்தச் சொல்லில் கை தட்டினார்கள் என்று தெரிந்தாலே மெட்டில் பாதி அகப்பட்டுவிடும். எண்பது வயதுப் பாட்டியிடம் கேட்டால், "எனக்கென்னடி அம்மா பாட்டுத் தெரியும்?" என்றுதான் முதலில் சொல்லுவாள். காபி குடித்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.