கை சரியானால் போதுமா?

"இன்னாபா படிக்கற?"
"ஆக்குபேஷனல் தெரபி, பெரிம்மா."
"அதுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனில வேலை கெடைக்குமா?"

அணைக்கட்டில் நாலரை வருடமாக எனக்கும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கும் இதே பேச்சுதான். ஆக்குபேஷன் என்றால் தொழில் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இப்போது முதுநிலை படித்து ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்றதும் வீட்டில் வேறு கேள்வி: பட்டம்தான் கைக்கு வந்துவிட்டதே, இன்னும் இரண்டு வருடம் எதற்கு? பதிலாக நம்ம ஊர்ப்பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

1947. வேலூர் சி.எம்.சி.யில் அறுவை சிகிச்சை மருத்துவராக இருந்த பால் பிராண்ட், செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து, "அழுத்துங்கள்" என்றார். பிடி வலித்தது! செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த கையில் பலமான தசைகள் இருந்தன. அந்தத் தசைகளின் நாண்களை இடம் மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை அடுத்த ஆண்டே வேலூரில் தொடங்கியது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் அது அறுவை சிகிச்சையின் வரலாறு மட்டுமே. ஆனால் கை சரியாகிப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். கை நேராகிவிட்டதால் பிச்சை கிடைக்கவில்லை. பழைய நோயாளி என்பதால் வேலையும் கிடைக்கவில்லை.

அதற்காகக் கல்லூரி வளாகத்திலேயே சில குடிசைகளைக் கட்டி 'நவஜீவ நிலையம்' தொடங்கினார்கள். தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார்கள். அங்கேதான் உண்மையான ஆராய்ச்சி நடந்தது என்பேன். யாருக்குப் புதுக் காயம் வந்தாலும், அது எந்த வேலையில் எப்படி வந்தது என்று துருவித் துருவிக் கேட்டார்கள். சுத்தியலா? சூடான பாத்திரமா? சிலருக்கு ராத்திரியில் விரலின் ஒரு பகுதியே காணாமல் போனது. காத்திருந்து பார்த்ததில் தெரிந்தது, எலி! உணர்ச்சி இல்லாததால் தூக்கம் கலையவில்லை. அதன்பின் வீடு திரும்புகிறவர்களுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்கள். :-)

சிரிப்பாக இருக்கிறதா? ஒருவர் காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன செய்கிறார், எங்கே தடுக்குகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் படிப்பே. இந்தியாவில் இதற்கான முதல் பள்ளியை 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர் அமெரிக்காவில் பிறந்த கமலா நிம்ப்கர். 1952-இல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய 10 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வேலூரிலோ, 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பாகாயத்தில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் வந்ததும் அவரால்தான்.

பெரியம்மா கேட்டதும் முழுக்கத் தப்பில்லை. உணர்ச்சியற்ற பாதத்தில் புண் வராமல் காக்க எந்தச் செருப்பு நல்லது என்று பிராண்டின் குழு தேடித்தேடி, மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்புக்கு வந்து சேர்ந்தது. செருப்பும் எங்கள் பாடம்தான்!

இனி என் கேள்வி. தென்னை மரத்திலிருந்து விழுந்த என் மாமா பயிற்சி முடித்து நல்ல மதிப்பெண்ணோடுதான் வீட்டுக்கு வந்தார். மதிப்பெண் போடும் அளவுகோல்களில் புகழ்பெற்றது 1965-இல் அமெரிக்காவில் வந்த பார்தெல் குறியீடு. அதில் 10 விஷயங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஒன்று. மாமா வீட்டில் கட்டிலே கிடையாது, பாய்தான். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, குத்துக்காலிட்டு உட்காருவது, வாசற்படியைத் தாண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, எதுவும் அந்தப் பத்தில் இல்லை. அவருடைய சக்கர நாற்காலி இப்போது துணி காயப்போடத்தான் பயன்படுகிறது.

பீஞ்சமந்தை மாதிரி மலைக்கிராமங்களில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீடு திரும்பியவர்கள் உண்மையில் எதைச் செய்கிறார்கள், எதை விட்டுவிட்டார்கள்? வீடு வீடாகப் போய், தரையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்குத்தான் அந்த இரண்டு வருடம்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "மொதல்ல உன் மாமாகிட்ட கேளு" என்றார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.