ஷாவிலிருந்து செக் வரை

தமிழ் நாளிதழ் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் ஒரு கட்சித் தலைவர் இன்னொருவருக்கு 'செக்' வைத்திருப்பார். உள்ளே, செக் மோசடி வழக்கில் யாருக்கோ சிறைத்தண்டனை. மாவட்டச் செய்தியில் செக்போஸ்ட்டில் மணல் லாரி சிக்கியிருக்கும். விளம்பரத்தில் செக்டு சட்டைக்குத் தள்ளுபடி. முழு உடல் செக்கப்புக்கும் தள்ளுபடி. ஐந்தும் வேறு வேறு ஆங்கிலச் சொற்கள் என்றுதான் தோன்றும். ஐந்தும் ஒரே வேரில் முளைத்தவை. அந்த வேரும் இங்கிலாந்தில் இல்லை. (நம்மூர் மரச்செக்குக்கும் பிராகா நகரத்துச் செக் மக்களுக்கும் இந்தக் கதையில் ஸ்நானப் பிராப்தி கிடையாது.)

ஆட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைப் படையை வைத்து ஆடும் சதுரங்கம் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவிலிருந்து பாரசீகம் போனது. அங்கே அதன் பெயர் 'சத்ரங்' ஆனது. இதைப் பற்றிப் பழைய பாரசீக மொழியான பஹ்லவியில் ஒரு கதை உண்டு. இந்திய அரசன் ஒருவன் இந்த ஆட்டத்தை அனுப்பி, 'முடிந்தால் இதன் சூட்சுமத்தைச் சொல்லுங்கள்' என்று பேரரசர் குஸ்ரோவின் அவைக்குச் சவால் விட்டானாம். அமைச்சர் புஸுர்க்மிஹ்ர் அதை விடுவித்துக் காட்டியதோடு, பதிலுக்கு ஒரு தாய ஆட்டத்தையும் உருவாக்கி அனுப்பினாராம். கதை கதைதான். ஆனாலும் ஆட்டம் இந்தியாவிலிருந்து வந்தது என்று பாரசீகர்களே எழுதிக் கொடுத்த பத்திரமாக அதைக் கொள்ளலாம்.

பாரசீகத்தில் அரசனுக்கு 'ஷா' என்று பெயர். எதிராளியின் அரசன் தாக்குதலுக்குள் வந்ததும் ஆடுபவர் "ஷா!" என்று எச்சரிப்பார். தப்பிக்க வழியில்லை என்றால் "ஷா மாத்." பாரசீகத்தில் 'மாத்' என்பதற்குக் கதியற்றுப்போனவன், திகைத்து நின்றவன் என்று பொருள். அரபு மொழியில் அதே ஒலிக்கு 'இறந்தான்' என்று அர்த்தம் இருந்ததால், அரசன் செத்தான் என்று விளங்கிக்கொண்டவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் பாரசீகப் பொருள்தான் ஆட்டத்துக்குப் பொருந்துகிறது. சதுரங்கத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை. போக இடமில்லாமல் நிறுத்துவதோடு ஆட்டம் முடிந்துவிடும்.

இந்த 'ஷா' வேறு யாருமல்ல, நமக்குத் தெரிந்த குடும்பம்தான். பழம்பாரசீகத்தில் அது 'க்ஷாயதிய'. வடமொழியின் க்ஷத்ரம், க்ஷத்ரியன் எல்லாம் அதன் உறவுகள்.

7ஆம் நூற்றாண்டில் அரபியர் பாரசீகத்தை வென்றார்கள். ஆட்டம் அவர்களிடம் 'ஷத்ரஞ்' ஆகி, பாக்தாத் வழியாக ஐரோப்பாவை எட்டியது. அங்கே பெயர் இரண்டாகப் பிரிந்தது. ஸ்பெயின்காரர்கள் ஷத்ரஞ்சிலிருந்து 'அஹெத்ரெஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சதுரங்கத்தின் நேர் வாரிசு அது. இத்தாலியும் பிரான்சும் ஆட்டத்தின் நடுவே எழும் கூவலைப் பிடித்துக்கொண்டன. 'ஷா' லத்தீனில் 'ஸ்காக்கஸ்' ஆயிற்று, பழைய பிரெஞ்சில் 'எஷெக்' ஆயிற்று. அதன் ஒருமை இங்கிலாந்துக்குப் போய்ச் 'செக்' ஆனது, பன்மை 'செஸ்' ஆனது. ஆட்டத்தின் பெயரும் ஆட்டத்தில் சொல்லும் எச்சரிக்கையும் இரட்டைப் பிள்ளைகள்.

இன்னொன்றையும் ஐரோப்பா சேர்த்தது. இந்தியப் பலகையிலும் அரபுப் பலகையிலும் 64 கட்டங்களுக்கு வெறும் கோடுதான் உண்டு, நிறம் கிடையாது. ஒன்றுவிட்டு ஒன்று நிறம் மாறும் பலகை 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்தில் எழுதப்பட்ட ஒரு லத்தீன் செய்யுளில் பேசப்படுகிறது. அந்த நிறம் வந்திராவிட்டால் செக்டு சட்டைக்குப் பெயர் வேறு ஏதாவதாக இருந்திருக்கும்.

சொல்லின் வாழ்க்கையில் பெரிய திருப்பம் ஒரு மேசையில் நடந்தது. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், முதலாம் ஹென்றியின் காலத்தில், அரசாங்கக் கணக்கை முடிப்பதற்கென்று ஒரு சபை உருவானது. பத்தடி நீளம், ஐந்தடி அகலம், சுற்றிலும் நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு: இதுதான் மேசை. மேலே கறுப்புத் துணி, அதில் கோடுகள். கோடுகளுக்கு நடுவில் ஒரு பத்தி பென்னிக்கு, ஒன்று ஷில்லிங்குக்கு, ஒன்று பவுண்டுக்கு, அடுத்தடுத்தவை இருபதுகளுக்கும் நூறுகளுக்கும். காசு போன்ற வில்லைகளைப் பத்திகளில் நகர்த்திக் கூட்டிக் கழித்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே ரோம எண்கள்தான் புழக்கம். அவற்றில் சுழியம் இல்லை, எழுதிக் கூட்டுவது தலைவலி. எழுத்தறியாத ஷெரிஃப்கூட, தான் வசூலித்தது எவ்வளவு, கட்ட வேண்டியது எவ்வளவு என்பதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. ஷெரிஃப் என்பவர் ஒரு வட்டாரத்தில் அரசன் பெயரில் வரி தண்டும் அதிகாரி.

கட்டம் போட்ட துணியால் அந்தச் சபைக்கு 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது. அரசாங்கப் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் இறுதியில் இந்தச் சபையைப் பற்றி ஆசிரியர், மாணவர் உரையாடலாக ஒரு நூலே எழுதினார். பெயர்க் காரணம் கேட்கும் மாணவனுக்கு ஆசிரியர் இரண்டு விடை சொல்கிறார். பலகையின் தோற்றம் ஒன்று. மற்றது, இங்கேயும் ஒரு போர் நடக்கிறது. பொருளாளர் ஒரு பக்கம், ஷெரிஃப் எதிர்ப்பக்கம், மற்றவர்கள் நடுவர்கள். இரண்டாவது விடை எனக்கு மிகவும் பிடித்தது. கணக்குக் கேட்பதும் ஒரு ஆட்டம்தான் என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கணக்கதிகாரி கண்டுகொண்டிருக்கிறார். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றைக்கும் அந்தத் துணியின் பெயரைத்தான் பதவிப் பெயராகச் சுமக்கிறார்.

அதற்குள் ஆட்டத்துக்கு வெளியிலும் 'செக்' நடமாடத் தொடங்கிவிட்டது. அரசனை நகரவிடாமல் செய்வது, எதையும் சட்டென்று தடுத்து நிறுத்துவதாக விரிந்தது. 17ஆம் நூற்றாண்டின் கடைசிக்குள் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் 'செக்' ஆயிற்று. தடுப்பதற்கும் சரிபார்ப்பதற்கும் தூரம் அதிகமில்லை. நம் செக்போஸ்ட்டில் இரண்டும் ஒரே கையசைப்பில் நடக்கின்றன. நாடாளுமன்றம், அதிபர், நீதிமன்றம் மூன்றும் ஒன்றையொன்று தடுத்து நிறுத்தும்படி 1787இல் அமெரிக்கர்கள் அரசமைப்பு எழுதியபோதும் அந்த ஏற்பாட்டுக்கு இந்தச் சொல்தான் கைகொடுத்தது. அரசன் என்று பொருள்பட்ட ஒரு சொல், அதிகாரத்துக்குப் போடும் கடிவாளத்தின் பெயராகிவிட்டது. இதன் பயணத்தில் இதைவிடச் சுவையான இடம் எனக்குத் தென்படவில்லை. போக்கரில் 'பணம் கட்டவில்லை', அமெரிக்க உணவகத்தில் 'பில்', அந்த நாட்டுத் தேர்வுத்தாளில் 'டிக்' என்று மற்றப் பொருள்களும் உண்டு, அவை கிளைக்கதைகள்.

வங்கிக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்றால் பணத்தாளின் அடிக்கட்டை, நாம் கவுண்டர்ஃபாயில் என்கிறோமே அது. கள்ளத்தாள் வந்தால் அடிக்கட்டையோடு வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பிறகு அந்தப் பெயர் அடிக்கட்டையை விட்டுவிட்டுக் கிழித்துக் கொடுக்கும் தாளுக்குத் தாவியது. எக்ஸ்செக்கரின் சாயலில் எழுத்துக்கூட்டலும் மாறியது. அமெரிக்கர்கள் மட்டும் மாற்றவில்லை. இந்தியாவில் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இந்தத் தாளுக்கு வரையறை தந்தது. 1989 முதல் நடப்பில் இருக்கும் அதன் 138ஆம் பிரிவு, கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால் இரண்டாண்டு வரை சிறை என்கிறது. வெற்றுச் செக்கில் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் வட்டிக்காரர்களுக்கு இந்தப் பிரிவு மனப்பாடம்.

துணிக்கதையில் நமக்கு நேரடிப் பங்கு உண்டு. சாயம் ஏற்றிய நூலைப் பாவிலும் ஊடையிலும் நிறம் மாற்றி மாற்றிக் கோத்து நெய்த கட்டம் போட்ட பருத்தி, சென்னை வட்டாரத்திலிருந்து கப்பலேறி 'மெட்ராஸ்' என்ற பெயராலேயே உலகம் சுற்றியது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்று அழைத்துச் சடங்குகளில் உடுத்துகிறார்கள். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் விற்றபோது துவைக்கத் துவைக்கச் சாயம் ஓடியது. புகார் வெடித்திருக்க வேண்டிய இடத்தில் விளம்பரக்காரர்கள் புகுந்து, சாயம் ஓடுவதுதான் இந்தத் துணியின் சிறப்பே என்று சொல்லி விற்றுவிட்டார்கள். இங்கே நாம் கைலிக்குச் செக் என்று சொல்வதில்லை, கட்டம் என்கிறோம். சதுரங்கப் பலகைக்கும் அதே கட்டம்தான். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்துக்குப் பூசியதும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைத்தான்.

ஷாவின் பிள்ளைகளில் இன்று நலிந்துவருவது வங்கிச் செக்தான். 2018க்குள் அதை ஒழித்துவிடுவதாக பிரிட்டனில் 2009இல் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 2011இல் முடிவைக் கைவிட்டார்கள். இங்கே க்யூஆர் அட்டை பெட்டிக்கடை வரை வந்துவிட்டாலும் வாடகை முன்பணத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் செக் இன்னும் ஓடுகிறது. உங்கள் மேசை இழுப்பறையிலும் ஒன்று கிடக்கலாம். எடுத்துத் தேதியைச் செக் பண்ணிக்கொள்ளுங்கள்: 2012 ஏப்ரல் முதல் அதற்கு ஆயுள் ஆறு மாதமல்ல, மூன்றே மாதம்.