ஒரே கை எழுதிய இரண்டு: விபிஎன் வழியே ஷேரும் ஆர்சிங்க்கும்

சிங்கப்பூரில் கணக்கு சர்வர், சென்னையில் பேக்கப் பெட்டி, நடுவே ஒரு விபிஎன். இப்படி வைத்துக்கொள்வதற்குச் சட்டமும் ஒரு காரணம். கம்பெனிகள் (கணக்குகள்) விதிகளில் 2022 ஆகஸ்டில் ஒரு திருத்தம் வந்தது. கணக்குப் புத்தகங்களை மின்னணு வடிவில் வைத்திருக்கும் நிறுவனம், அவற்றின் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் வைத்தாக வேண்டும் என்றது அது. அதற்கு முன் ‘அவ்வப்போது’ என்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓடட்டும் என்று விட்டிருந்த வேலையை இப்போது ஒவ்வொரு நாளும் இரவு பத்துக்கும் காலை ஏழுக்கும் இடையில் முடிக்க வேண்டும். முடியாத அன்று புகார் கிளம்பும்: “விபிஎன் ஸ்லோ.”

புகார் வந்ததும் பல இடங்களில் முதலில் லைனை மாற்றுவார்கள். 100 எம்பிபிஎஸ் 300 ஆகும், பில் ஏறும், பேக்கப் மட்டும் அதே நேரத்துக்குத்தான் முடியும். அடுத்து விபிஎன்னிலேயே கை வைப்பார்கள். ஓப்பன்விபிஎன் போய் வயர்கார்டு வரும். இதனால் கொஞ்சம் பலன் உண்டு, சில இடங்களில் நிறையவே உண்டு. ஆனாலும் விபிஎன் டனலைப் பிரிப்பதற்கு முன் அதற்குள் என்ன ஓடுகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

ஓடுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். தூரத்து சர்வரின் ஷேரை விபிஎன் வழியே மவுண்ட் செய்து, விண்டோஸ் என்றால் ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்து மாட்டிக்கொண்டு, ஃபைல்களை இழுத்துக் காப்பி செய்வது ஒரு வழி. ஆர்சிங்க் மற்றொரு வழி. ஷேர் பேசும் மொழி எஸ்எம்பி. அதை விண்டோஸ் அல்லாத இயந்திரங்களும் பேசும்படி செய்த சாம்பாவையும், ஆர்சிங்க்கையும் தொடங்கிவைத்தவர் ஒருவரே: ஆஸ்திரேலியாவின் கான்பெராவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். 1991 முடிந்து 1992 பிறந்த சமயத்தில், டாஸ் பிசியிலிருந்து யூனிக்ஸ் இயந்திரத்தின் ஃபைல்களைத் திறக்க வேண்டியிருந்தது அவருக்கு. கேபிளில் போய்வரும் பாக்கெட்டுகளைக் கவனித்து, அதற்கேற்றபடி பதில் சொல்லும் ஒரு சர்வரை எழுதினார். பிறகு சாம்பாவாக வளர்ந்தது அதுதான். 1996-இல் பால் மக்கராஸுடன் சேர்ந்து ஆர்சிங்க்கை வெளியிட்டார். 1999-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஒரு பாதியும் ஆர்சிங்க் பற்றியதே.

எழுதியவர் ஒருவராக இருந்தும் இரண்டின் பிறப்பும் வேறு. சாம்பாவில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. எஸ்எம்பி 1980-களில் ஐபிஎம்மில், ஒரே ஆபீஸுக்குள் கேபிளால் இணைந்த பிசிக்களுக்காக உருவானது. அவர் அதை அப்படியே பேசியாக வேண்டியிருந்தது. ஆர்சிங்க்கின் மொழி அவரே வகுத்தது. ஒரே ஃபைலின் பழைய பிரதி இந்த முனையில், புதிய பிரதி அந்த முனையில், நடுவில் மெதுவான லைன்: அது தீர்க்க வந்த கணக்கு இதுதான். கட்டடத்துக்குள் பேசப் பிறந்ததைக் கடல் கடந்து பேச வைத்தால் என்ன ஆகும் என்பதை எண்களில் பார்க்கலாம்.

சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடி கேபிள் 2002-இல் வந்தது. நீளம் ஏறத்தாழ 3,200 கி.மீ. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். போக 16, வர 16 என்று 32 மில்லி விநாடி அதிலேயே போய்விடும். ரூட்டர்களும் விபிஎன்னின் குறியாக்கமும் சேர்ந்து 35 என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு விலையுயர்ந்த பிளானை வாங்கினாலும் இந்த 35 குறையாது. ஆபீஸ் நெட்வொர்க்கில் இதே போய்வரும் நேரம் அரை மில்லி விநாடிக்கும் குறைவாகவே இருக்கும்.

இனி எஸ்எம்பி ஒரு சின்ன ஃபைலை எடுக்கும் விதம். “இந்த ஃபைலைத் திற” என்று கேட்கும். “திறந்தாயிற்று, இதோ கைப்பிடி எண்” என்று பதில் வரும். “அளவென்ன, தேதியென்ன?” பதில் வரும். “முதல் பகுதியைக் கொடு.” வரும். “மூடு.” மூடியாயிற்று என்று பதில் வரும். இப்படி ஃபைலுக்கு நான்கைந்து முறை போய்வந்தாக வேண்டும். புதிய பதிப்புகள் சில கேள்விகளைச் சேர்த்துக் கேட்கும்; ஆனாலும் ஐந்து என்றே வைப்போம். ஸ்கேன் செய்த பில்கள், வவுச்சர்கள் என 50,000 பிடிஎஃப் இருந்தால், 50,000 பெருக்கல் 5 பெருக்கல் 35 மில்லி விநாடி. 8,750 விநாடி, அதாவது ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். இது வெறும் காத்திருப்பு. ஒரு பைட் தரவைக்கூட இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. இதே வேலையின் காத்திருப்பு ஆபீஸுக்குள் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஷேரில் காப்பி ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 100 எம்பிபிஎஸ் லைனில் 2, 3 என்று ஓடிக்கொண்டிருப்பதன் காரணம் இதுதான். லைன் நிரம்பவில்லை. அடுத்த பதிலுக்காகச் சும்மா நிற்கிறது.

ஷேரைக் கைவிடாமலேயே இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. விண்டோஸின் ரோபோகாப்பியில் எம்டி ஆப்ஷனைக் கொடுத்தால் ஒரே சமயத்தில் எட்டு ஃபைல்களைக் கையாளும். 128 வரை ஏற்றலாம். காத்திருப்பு எட்டில் ஒன்றாகும், இரண்டரை மணி நேரம் இருபது நிமிடத்துக்குள் வரும். எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டு ‘ஸ்லோ’ என்பவர்கள் வேறு எதற்கும் செலவழிக்கும் முன் இதைச் செய்து பார்க்கலாம்.

பெரிய ஒற்றை ஃபைலில் ஷேரின் நிலை இவ்வளவு மோசமில்லை. எஸ்எம்பி 2, 3 பதிப்புகள் பல கேள்விகளை அடுத்தடுத்து அனுப்பிவிட்டுப் பதில்களைப் பிறகு வாங்கிக்கொள்ளும். 10 ஜிபி டேட்டாபேஸ் ஃபைலை முதன்முறை கொண்டுவரும்போது ஷேருக்கும் ஆர்சிங்க்குக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. லைன் நிரம்பினால் 13, 14 நிமிடம். பழைய எஸ்எம்பி 1 மட்டும் தெரிந்த நாஸ் பெட்டிகள்தான் விதிவிலக்கு. ஒரு கேள்விக்கு 64 கேபி, பிறகு காத்திருப்பு என்று போனால், 35 மில்லி விநாடித் தூரத்தில் வேகம் 15 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. 13 நிமிட வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். 2017-இல் வானாக்ரை இந்தப் பதிப்பின் ஓட்டை வழியேதான் பரவியது. அந்தப் பெட்டியை அன்றைக்கே ஓரம்கட்டியிருக்க வேண்டும்.

ஆர்சிங்க் ஃபைல்களின் பட்டியலைத் தொகுதி தொகுதியாக அனுப்பிவிடும். அளவும் தேதியும் ஒத்துப்போகும் ஃபைல்களை அந்த இடத்திலேயே தள்ளிவிடும். மற்றவற்றுக்கு “இது வேண்டும், இது வேண்டும்” என்று ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே போக, மறுபக்கம் அனுப்பிக்கொண்டே இருக்கும். கேட்பதும் அனுப்புவதும் எழுதுவதும் தனித்தனி வேலைகள் என்பதால் ஒன்றுக்காக ஒன்று நிற்பதில்லை. 50,000 பிடிஎஃப்பும் தொடர்ந்து ஒரே ஓட்டமாக வரும்.

அதன் நிஜ சாமர்த்தியம் தெரிவது இரண்டாம் நாளில். 10 ஜிபி ஃபைலில் பகலில் கொஞ்சம் மாறியிருக்கிறது. சென்னை முனை தன்னிடமுள்ள நேற்றைய பிரதியைத் துண்டு போடும். துண்டின் அளவு ஏறக்குறைய ஃபைல் அளவின் வர்க்கமூலம். 10 ஜிபிக்கு அது 100 கேபி. ஆக ஒரு லட்சம் துண்டு. துண்டு ஒன்றுக்கு அதிகபட்சம் 20 பைட் அடையாளம் என்றாலும் சிங்கப்பூருக்குப் போவது 2 எம்பிதான். அங்கே புதிய ஃபைலில் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து ஒப்பிட்டுப் பார்த்து, இந்தப் பட்டியலில் இல்லாத பகுதிகள் மட்டும் திரும்பி வரும். ரோபோகாப்பியும் மாறாத ஃபைலைத் தொடாது, உண்மைதான். ஆனால் ஒரு எழுத்து மாறினாலும் 10 ஜிபி முழுவதையும் மறுபடி கொண்டுவரும்.

“ஆர்சிங்க் போட்டும் ஸ்லோதான்” என்று சொல்லும் இடங்களில் முதலில் நான் பார்ப்பது கட்டளையில் உள்ள பாதையை. பலர் சிங்கப்பூர் ஷேரைச் சென்னைப் பெட்டியில் மவுண்ட் செய்துவிட்டு, அந்த மவுண்டிலிருந்து லோக்கல் டிஸ்க்குக்கு ஆர்சிங்க் ஓட்டுகிறார்கள். ஆர்சிங்க்கின் கண்ணுக்கு இரண்டுமே லோக்கல் பாதை. அப்படியிருந்தால் துண்டுக் கணக்கே போடாமல் முழு ஃபைலையும் எடுப்பது அதன் இயல்பு. கட்டாயப்படுத்திக் கணக்குப் போட வைத்தாலும் பயனில்லை. ஒப்பிடும் வேலையையும் சென்னையே செய்வதால், 10 ஜிபியையும் டனல் வழியே படித்துத்தான் எது மாறியது என்று கண்டுபிடிக்கும். செக்சம் ஆப்ஷனையும் சேர்த்துவிட்டால் மாறாத ஃபைல்களும் மிச்சமில்லாமல் கடல் கடந்து வரும். பெயர் ஆர்சிங்க், ஓடுவதெல்லாம் எஸ்எம்பி. அந்தப் பக்கமும் ஓர் ஆர்சிங்க் ஓடினால்தான், எஸ்எஸ்எச் வழியாகவோ டீமனாகவோ, அது ஆர்சிங்க்.

தினமும் எல்லாமே புதிதாக வருவது போலிருந்தால் இரண்டிலும் தேதியைச் சந்தேகிக்க வேண்டும். ஷேரில், நாஸ் பெட்டி நேரத்தை வேறு மாதிரி முழுமையாக்கிச் சேமிப்பதால் எல்லா ஃபைலும் மாறியதாகத் தோன்றலாம். ரோபோகாப்பியில் எஃப்எஃப்டி கொடுத்தால் இரண்டு விநாடி வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது. ஆர்சிங்க்கில் ‘ஏ’ போட வேண்டிய இடத்தில் வெறும் ‘ஆர்’ போட்டால் தேதி சேமிக்கப்படாது, மறுநாள் ஒவ்வொரு ஃபைலையும் மறுபடி கிளறும்.

டனலின் கோளாறுகள் இரண்டையும் ஒன்றுபோலவே அடிக்கும். அதனால் பிரித்தறிவது எளிது. பெரிய ஃபைல் வேகமாகவும் சின்ன ஃபைல்களின் ஃபோல்டர் மெதுவாகவும் வந்தால் டனலைக் குறை சொல்லாதீர்கள். லைன் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டியும் லைனின் பாதிகூட வராவிட்டால் டனலைப் பாருங்கள். ஓப்பன்விபிஎன் டிசிபியில் ஓடுகிறதா? ஹோட்டல் ஃபயர்வாலிலும் வேலை செய்யட்டும் என்று ஊழியர்களுக்காக டிசிபி போர்ட் 443-இல் போட்ட அமைப்பையே இரண்டு ஆபீஸ்களுக்கு நடுவேயும் வைத்துவிடுவது சகஜம். ஒரு பாக்கெட் தொலைந்தால் வெளி டிசிபியும் மறுபடி அனுப்பும், பொறுமையிழந்த உள் டிசிபியும் மறுபடி அனுப்பும். நெரிசல் மேல் நெரிசல். யுடிபிக்கு மாற்றினாலே போதும். வயர்கார்டில் இந்தப் பிரச்சினை எழாது, அதற்கு யுடிபி மட்டுமே தெரியும். எஸ்எஸ்எச் லாகின் ஆகிறது, ஷேரில் ஃபோல்டர் பட்டியலும் வருகிறது, காப்பி மட்டும் சுழியத்தில் நிற்கிறது என்றால் காரணம் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. வயர்கார்டின் வழக்கமான அளவு 1420. உடைக்கக் கூடாது என்ற குறியுடன் 1392 பைட் பிங் டனலுக்குள் போகவில்லை, 1300 போகிறது என்றால் எம்டியுவைக் குறைத்தால் சரியாகும்.

இதுவரை படித்தவர் ஆர்சிங்க் பக்கமே நியாயம் என்று நினைக்கலாம். அது தோற்கும் இடங்களும் உண்டு. விண்டோஸ் சர்வரில் அது உடன் வருவதில்லை. சிக்வின் போன்ற ஒன்றின் மேல் ஏற்ற வேண்டும், அனுமதிப் பட்டியல்கள் விண்டோஸில் உள்ளபடி வந்து சேரும் என்ற உறுதியும் இல்லை. ஜிப் செய்து, பாஸ்வேர்டு போட்டு வைத்த பேக்கப் ஃபைலில் உள்ளே ஒரு வரி மாறினாலும் வெளியே அநேகமாக எல்லாமே மாறிவிடும். துண்டுக் கணக்கு அங்கே வீண். ஏற்கெனவே சுருங்கியவற்றுக்கு ‘இசட்’ ஆப்ஷனும் வீண். ஒப்பிடுவதற்காக இரண்டு முனையும் ஃபைலை முழுதாகப் படிக்க வேண்டும் என்பதால், சின்ன நாஸின் டிஸ்க்கில் நூற்றுக்கணக்கான ஜிபி ஃபைல் இருந்தால் மிச்சமாகும் லைன் நேரத்தை டிஸ்க் விழுங்கிவிடும். ஏப்ரல் முதல் தேதி யாராவது ‘நடப்பு’ என்ற ஃபோல்டருக்குப் போன நிதியாண்டின் பெயரை வைத்தால் ஆர்சிங்க்குக்கு அது புது ஃபோல்டர். அன்றிரவு அத்தனை பில்லும் மறுபடி கடல் தாண்டி வரும். பெயர் மாற்றத்தைச் சென்னையிலும் கையால் செய்துவிட்டால் வராது. திறந்திருக்கும் டேட்டாபேஸை அப்படியே எடுத்தால் பாதி பழையது பாதி புதியதாகத்தான் வரும். இதில் ஷேரும் யோக்கியமில்லை: பூட்டிய ஃபைலை ஒன்று எடுக்க மறுக்கும், அல்லது அதே அரைகுறையைக் கொடுக்கும்.

விண்டோஸ் சர்வரில் எதையும் ஏற்றக் கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டால் இரண்டையும் சேர்த்தே போடலாம். சிங்கப்பூரிலேயே, அந்த சர்வர் இருக்கும் நெட்வொர்க்கில், ஒரு சின்ன லினக்ஸ் விஎம். சர்வரின் ஷேரை அது படிக்க மட்டும் அனுமதியோடு மவுண்ட் செய்துகொள்ளும். அரை மில்லி விநாடித் தூரத்தில் எஸ்எம்பி எத்தனை கேள்வி கேட்டாலும் யாருக்கும் உறைக்காது. அந்த விஎம்முக்கும் சென்னைக்கும் நடுவே எஸ்எஸ்எச் வழியே ஆர்சிங்க், இழுப்பது சென்னை. டேட்டாபேஸின் தினசரி டம்ப் சுருக்காமல், தேதி ஒட்டாமல், ஒரே பெயரில் அந்த ஷேரில் விழட்டும். பெயர் தினமும் மாறினால் ஒப்பிட நேற்றைய பிரதி கிடைக்காது, பத்து ஜிபியும் முழுசாகவே வரும்.