கொள்ளிடக் கரையில் அரை அங்குலம்

சைக்கிள் செயினில் ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடுவரை அளந்தால் அரை அங்குலம் இருக்கும். தாத்தா காலத்து ஹெர்குலிஸிலும் அந்த அளவுதான், பேட்டரி வைத்த புது மின்சார சைக்கிளிலும் அந்த அளவுதான். சாலையில் ஓடும் நூறு சிசி பைக்குகள் பலவற்றின் செயினிலும் இதே இடைவெளிதான். அகலமும் கனமும் மட்டும் கூடுதல். டயர் மாறியது, பிரேக் மாறியது, விளக்கு டைனமோவிலிருந்து எல்.இ.டி. ஆனது. இந்த அரை அங்குலம் மட்டும் நூறாண்டாக அசையாமல் இருக்கிறது.

திருமானூர் போன்ற ஓர் ஊரில் செயினின் கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது ஊர். பாலம் தாண்டினால் திருவையாற்றுப் பக்கம். கிழக்கே வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி, வடக்கே பறவைகள் வந்திறங்கும் கரைவெட்டி ஏரி. இன்னும் வடக்கே போனால் அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமெண்ட் ஆலைகள், கல் ஏற்றி வரும் லாரிகள். ஒரு பக்கம் ஆற்று மணல், மறுபக்கம் சுண்ணாம்புத் தூசு. எண்ணெய் தடவிய செயினுக்கு இவை இரண்டையும் விடப் பெரிய பகை வேறில்லை. இந்த வட்டாரத்தில் சைக்கிள் கடை வைத்தவர்கள் செயினைப் பற்றி நன்றாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருந்தது.

செயினின் பிறப்பு சைக்கிளுக்காக நடந்ததல்ல. சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரில் 1852-இல் பிறந்த ஹான்ஸ் ரெனால்ட், 1873-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போனார். 1879-இல் சால்ஃபோர்டில் ஜேம்ஸ் ஸ்லேட்டர் நடத்திவந்த சிறிய தொழிற்கூடத்தை வாங்கினார். பஞ்சாலை இயந்திரங்களுக்குச் சங்கிலி செய்த கூடம் அது. அந்தச் சங்கிலிகளில் ஆணி, மெல்லிய தகட்டின் ஓரத்தில் நேராக உரசிக்கொண்டிருந்தது. அதனால் சீக்கிரம் தேய்ந்தது. ரெனால்ட் ஆணியைச் சுற்றி ஒரு குழலை வைத்தார், அதுதான் புஷ். புஷ்ஷுக்கு மேல் சுழலும் உருளையை வைத்தார். சுமை அகலமான பரப்பில் பரவியது. பல்லின் மேல் செயின் உரசாமல் உருண்டது. 1880-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

அதற்கு ஓராண்டு முன்புதான் ஹென்றி லாசன், பின் சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டும் சைக்கிள் ஒன்றை வடிவமைத்திருந்தார். 1885-இல் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் சைக்கிள், அதுவரை ஓடிய உயரமான முன்சக்கர வண்டிகளின் மோகத்துக்கு முடிவு கட்டியது. பழைய வண்டியில் மிதிகட்டை முன் சக்கரத்தோடு நேராகப் பிணைந்திருக்கும். வேகம் வேண்டுமென்றால் சக்கரம் பெரிதாக வேண்டும். சக்கரம் பெரிதானால் விழுந்து மண்டை உடையும் உயரமும் கூடும். செயின் வந்தபின் வேகத்தைப் பல்லின் எண்ணிக்கை முடிவு செய்தது. சக்கரம் சிறிதானது, கால் தரையைத் தொட்டது. இன்று பள்ளிப் பிள்ளை ஓட்டும் சைக்கிளின் உருவம் அன்று அமைந்ததுதான்.

ஆரம்பத்தில் ஓர் அங்குல இடைவெளிச் செயின்களே மிகுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரை அங்குலம் அந்த இடத்தைப் பிடித்தது. அதை அசைத்துப் பார்க்கப் பெரிய முயற்சியும் நடந்தது. 1976-இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் பந்தயச் செயின் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தது. எடை குறைவு, பல்சக்கரமும் சிறிது. ஆனால் உலகத்தின் மற்ற எந்தப் பல்லிலும் அது உட்காராது. சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். இந்தியா 1956-இல் சட்டம் போட்டு மெட்ரிக் அளவுக்கு மாறியபோதும் செயின் அளவை யாரும் தொடவில்லை, 12.7 மில்லிமீட்டர் என்று எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக்குச் சைக்கிள் முதலில் கப்பலில் வந்தது. ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் என்று எல்லாமே இங்கிலாந்துச் சரக்கு. 1949-இல் முருகப்பா குழுமம், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூரில் ஹெர்குலிஸும் பிறகு பி.எஸ்.ஏ.வும் உருவாயின. செயினுக்கென்று தனி ஆலை 1960-இல் அதே அம்பத்தூரில் வந்தது. அதற்குத் தொழில்நுட்பம் தந்தது அமெரிக்காவின் இண்டியானாபொலிஸிலிருந்த டயமண்ட் செயின் நிறுவனம். 1903-இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தில் இன்ஜினிலிருந்து காற்றாடிகளுக்கு விசையைக் கொண்டுபோனதும் அந்த நிறுவனத்தின் செயின்தான். டேட்டனில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன் தம்பிக்கு, கையில் பழகிய பொருளே வானத்துக்கும் உதவியது. டி.ஐ. டயமண்ட் என்ற பெயர் பொறித்த செயின் பிறகு தமிழ்நாட்டின் சைக்கிள் கடைகளில் தொங்காத இடமில்லை. கோயம்புத்தூர் எல்.ஜி.பி. நிறுவனத்தின் ரோலான், பைக் செயின்களில் அதே அளவுக்குப் பெயர் பெற்றது.

அந்தச் செயின்கள் பரவிய காலத்தில் திருச்சி மாவட்டத்தில் இருந்த திருமானூர் வட்டாரம் 1995-இல் பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போய், பின்னர் அரியலூர் மாவட்டமானது. மாவட்டம் மாறும் முன்பே சைக்கிள்தான் இந்த வயல்காட்டின் வண்டி. பால் கேன், நெல் மூட்டை, மீன் கூடை, ஐஸ் பெட்டி எல்லாம் அதன் கேரியரில்தான் போயின. உள்ளாட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு தகட்டு வில்லை கொடுத்த காலம் அது. இருட்டியபின் விளக்கில்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் நிறுத்துவார்.

அந்த நாளில் சைக்கிள் கடை என்பது வாடகைக் கடையும் பழுதுபார்க்கும் பட்டறையும் சேர்ந்தது. மட்கார்டில் எண் எழுதிய சைக்கிள்கள் வரிசையாக நிற்கும், மணிக்கணக்கில் வாடகை. குரங்கு பெடல் போடும் சிறுவர்கள் முதலில் கற்றுக்கொண்டது ஓட்டுவதை அல்ல, கழன்ற செயினை மாட்டுவதைத்தான். செயினைக் கீழ்ப்பல்லில் வைத்து, பெடலைப் பின்பக்கம் சுற்றினால் தானாக ஏறி உட்காரும். கை முழுக்கக் கறுப்பு. வீட்டில் திட்டு நிச்சயம். கடையில் வேலைக்குச் சேரும் பையனுக்குப் பாடம் வேறு வரிசையில் வரும். முதலில் காற்றடிப்பு, பிறகு பங்சர், அதன்பிறகு ஓவராயில்: வண்டியை முழுக்கப் பிரித்து, பேரிங் குண்டுகளை மண்ணெண்ணெய்த் தட்டில் கழுவி, கிரீஸ் வைத்து மீண்டும் பூட்டுவது. செயினை வெட்டுவது எல்லாவற்றுக்கும் பிந்திய பாடம். பன்ச்சை ஆணியின் தலையில் வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது ஆணி முழுதாக வெளியே வந்துவிடக்கூடாது, வெளித்தகட்டில் நுனி பிடித்து நிற்க வேண்டும். வெளியே விழுந்த ஆணியைத் திரும்ப நேராக ஏற்றுவது பெரும்பாடு. அதைக் கையாலேயே உணர்ந்து நிறுத்தும் ஆள்தான் மெக்கானிக்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை முன்னெடுத்தார், பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை விரிவாக எழுதினார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பெண்கள் ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தமிழக அரசு தொடங்கிய திட்டம், பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. ஊருக்கு ஊர் சைக்கிள் பெருகியது. அதே காலத்தில் மொபெட்டும் பைக்கும் பெருகின. வாடகை சைக்கிள் மறைந்தது, கடைகள் குறைந்தன. சைக்கிள் வந்த அளவுக்கு அதைப் பார்த்துக்கொடுக்கும் கை வரவில்லை. இது பெரிய இழப்பு. இலவசமாக வந்த வண்டி ஒரு செயின் தேய்ந்ததால் கொட்டகையில் கிடப்பதைப் போல வீண் வேறில்லை.

இனி தேய்மானத்துக்கு வருவோம். “செயின் நீண்டுபோச்சு அண்ணே” என்று வண்டியைக் கொண்டுவருவார்கள். இரும்புத் தகடு ரப்பர் போல இழுபடுவதில்லை. ஒவ்வொரு ஆணியும் அதன் புஷ்ஷும் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக அரைபடுகின்றன. எண்ணெயோடு கலந்த மணல் அரைக்கும் மாவாகிவிடுகிறது. புதுச் செயினில் 24 இடைவெளியை அளந்தால் சரியாக 12 அங்குலம். அதே 24 இடைவெளி 12 அங்குலத்தைத் தாண்டி அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கூடியிருந்தால் செயினின் ஆயுள் முடிந்தது. ஓர் ஆணிக்குக் கணக்கிட்டால் மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான் தேய்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஸ்கேலுக்குத் தெரியும். கியர் வண்டியில் இந்த எல்லை இன்னும் கண்டிப்பு: அதில் பாதியளவு கூடும்போதே மாற்றிவிடுவது நல்லது.

நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராமல் நுனியை நோக்கி ஏறும். ஏறிய இடத்தில் பல்லை அரிக்கும். பல் கொக்கி போல வளையும். அந்த நிலையில் செயினை மட்டும் மாற்றினால், புதுச் செயினின் சரியான அரை அங்குலம் தேய்ந்த பல்லோடு ஒத்துப்போகாது. பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் ஸ்லிப் ஆகும், கால் கீழே போகும். நல்ல கடைக்காரர் செயினோடு பின் பல்சக்கரமான ஃப்ரீவீலையும் மாற்றச் சொல்வது லாபத்துக்காக அல்ல.

நீளம் தீர்மானிப்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பழைய செயினைப் பக்கத்தில் தொங்கவிட்டு, நீளத்துக்கு நீளம் வெட்டுவார்கள். கணக்குப் பாருங்கள்: 106 இடைவெளியுள்ள செயின் 53 அங்குலம். நூற்றுக்கு ஒன்று தேய்ந்திருந்தால் அரை அங்குலத்துக்கு மேல் கூடியிருக்கும். பழைய நீளத்தைப் பார்த்து வெட்டினால் ஒரு கண்ணி பிசகும். ஆகவே அளக்கக்கூடாது, எண்ண வேண்டும்.

பழைய செயின் இல்லையென்றால் வழக்கமான சூத்திரம் ஒன்று உண்டு. பெடல் அச்சின் நடுவிலிருந்து பின் சக்கர அச்சின் நடுவரையுள்ள தூரத்தை அங்குலத்தில் எடுத்து இரட்டிக்க வேண்டும். முன்பல், பின்பல் எண்ணிக்கையைக் கூட்டி நாலால் வகுத்துச் சேர்க்க வேண்டும். அதோடு ஒன்று. தூரம் 18 அங்குலம், முன்னே 44 பல், பின்னே 18 பல் என்றால் 36-ம் 15.5-ம் 1-ம் சேர்ந்து 52.5 அங்குலம், அதாவது 105 இடைவெளி. சாதாரணச் செயினில் ஒரு குறுகிய கண்ணியும் ஓர் அகன்ற கண்ணியும் மாறி மாறி வருவதால் இரட்டைப்படையில்தான் மூட முடியும். 106 வைத்து, பின் அச்சை அதன் காடியில் தேவையான அளவு பின்னுக்கு இழுத்தால் சரியாக நிற்கும். நடுவில் விரல் வைத்துத் தூக்கினால் அரை அங்குலம் ஆட வேண்டும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் பேரிங் போகும். செயினின் இரு முனைகளை இணைக்கும் லாக் கண்ணியின் கிளிப்பை மாட்டும்போது அதன் மூடிய முனை, செயின் ஓடும் திசையில் முன்னே இருக்க வேண்டும். பின்பக்கம் பல கியர் உள்ள வண்டியில் முறை வேறு: முன்னே பெரிய பல்லையும் பின்னே பெரிய பல்லையும் சுற்றிச் செயினை நேராகப் பிடித்து, அதற்குமேல் இரண்டு கண்ணி, அதாவது ஓர் அங்குலம் கூட்டி வெட்டுவது.

மின்சார சைக்கிளுக்கும் இதே கணக்குத்தான். கோயம்புத்தூரில் 2008-இல் தொடங்கிய ஆம்பியர் முதல் இன்றைய நிறுவனங்கள் வரை செய்துவரும் வண்டிகள் பலவற்றில் மோட்டார் சக்கரக் குடத்துக்குள் இருக்கிறது. 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டால் பதிவும் லைசென்சும் வேண்டாம். குடத்தில் மோட்டார் இருந்தால் செயினுக்குக் கால் விசை மட்டுமே வரும். மிதிப்பது குறைவதால் தேய்மானத்தைவிடத் துருதான் அதைக் கெடுக்கும். மோட்டார் பெடல் அச்சின் இடத்தில் இருந்தால் கதை மாறும். சாதாரணமாக மிதிப்பவர் தொடர்ந்து தருவது சுமார் 100 வாட். அதோடு மோட்டாரின் விசையும் அதே செயின் வழியாகத்தான் போகும். அங்கே செயின் சீக்கிரம் தேயும், அடிக்கடி அளக்க வேண்டும்.

பின் குடத்தில் மோட்டார் உள்ள வண்டியில் இன்னொரு கவனம் வேண்டும். செயினை மாற்ற மட்டும் சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை, லாக் கண்ணியைத் திறந்தால் போதும். அச்சை இழுத்துச் சரிசெய்ய நட்டைத் தளர்த்தினால், அச்சு சுழலாமல் பிடிக்கும் வாஷரைப் பழைய இடத்திலேயே உட்காரவைத்து நன்றாக முறுக்க வேண்டும். அது நழுவினால் அச்சு சுழன்று மோட்டார் வயர் அறுந்துவிடும். செயின் அகலத்தையும் பார்த்து வாங்க வேண்டும். ஒற்றைப் பல் வண்டிக்கு உள்ளகலம் அங்குலத்தில் எட்டில் ஒன்று. கியர் வண்டிக்கு அதைவிடக் குறுகல்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலம் முடிந்ததும் செயினை மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, மெல்லிய எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். ஊரில் ஒரு சைக்கிள் கடையாவது இன்னும் திறந்திருந்தால் வேலையை அங்கே கொடுங்கள். புதுச் செயின் மாட்டும் முன் பழையதில் 24 இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள், கண்ணியை எண்ணச் சொல்லுங்கள், ஃப்ரீவீல் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்.