சாயக்கழிவுநீரில் நிறநீக்கம்: பரப்புக் கவர்தல் முறை

கழிவுநீரில் கரைந்துள்ள சாயத்தை, நுண்துளைகள் நிறைந்த திடப்பொருளின் பரப்பில் ஒட்டவைத்துப் பிரிப்பது பரப்புக் கவர்தல் முறை. இதில் சாயம் அழிவதில்லை. நீரிலிருந்து திடப்பொருளுக்கு இடம் மாறுகிறது.

பருத்திக்கு அதிகம் பயன்படும் ரியாக்டிவ் சாயங்கள் 1956இல் விற்பனைக்கு வந்தன. இவை இழையோடு வேதிப்பிணைப்பில் சேர்வதால் சாயம் போகாது. ஆனால் ஒரு பங்கு சாயம் இழைக்குப் பதில் நீரோடு வினைபுரிந்துவிடும். அது மறுபடி துணியில் ஏறாமல் கழுவுநீரோடு வெளியேறுகிறது. வெயிலையும் சலவையையும் தாங்கவென்றே உருவாக்கிய மூலக்கூறு என்பதால் நுண்ணுயிர்த் தொட்டிகளிலும் எளிதில் சிதையாது.

கவரும் பொருள்களில் முதன்மையானது கிளர்வூட்டிய கரி. அதன் ஒரு கிராமில் 500 முதல் 1,500 சதுர மீட்டர் வரை பரப்பு உண்டு. ஆனால் பரப்பளவை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேங்காய்ச் சிரட்டைக் கரியின் துளைகள் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. பெரிய சாய மூலக்கூறுகள் அவற்றுள் நுழையத் திணறும்.

மின்னூட்டமும் முக்கியம். மெத்திலீன் நீலக் கரைசலில் கரித்தூளைப் போட்டுக் குலுக்கி வடிகட்டினால் நிறமற்ற நீர் இறங்கும். உமி, தென்னைநார்க் கழிவு, கரும்புச் சக்கை ஆகியவையும் இந்தச் சாயத்தை நன்றாகவே பிடிக்கின்றன. மெத்திலீன் நீலம் நேர்மின் சாயம், தாவரப் பொருள்களின் பரப்போ பெரும்பாலும் எதிர்மின் தன்மை கொண்டது என்பதே காரணம். ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின் தன்மையுள்ளவை. அதே சக்கை அவற்றை விலக்கும். ஆகவே வாலைவடிநீரில் மெத்திலீன் நீலத்தைக் கரைத்துப் பெற்ற முடிவைச் சாயப்பட்டறை நீருக்கு அப்படியே பொருத்துவது தவறு. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசான் இங்கே கைகொடுக்கும். லேசான அமில நீரில் அதன் அமீன் தொகுதிகள் நேர்மின்னேற்றம் பெற்று இச்சாயங்களை இழுக்கின்றன. அமிலம் கூடினால் கைட்டோசானே கரைந்துவிடும் என்பதால் குறுக்குப் பிணைப்பால் அதை உறுதிப்படுத்துகிறார்கள்.

பயன்படுத்திய கரியை உயர்வெப்பத்தில் மீட்கலாம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எரிந்து குறையும். மீட்காவிட்டால் சாயம் ஏறிய கரியே பாதுகாப்பாக அகற்றவேண்டிய கழிவாகிவிடுகிறது.

நிறம் போனாலும் உப்பு போகாது. சாயம் இழையில் ஏற லிட்டருக்குப் பத்துக்கணக்கான கிராம் உப்புச் சேர்க்கிறார்கள். கரி அதைத் தொடுவதேயில்லை. திருப்பூர்ச் சாயநீர் கலந்த நொய்யல் ஆற்றிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் பாசனத்தைக் கெடுத்ததில் உப்புக்குப் பெரும் பங்குண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியேற்றாத முறைக்கு மாறிய நிலையங்களில் எதிர்ச் சவ்வூடுபரவலும் ஆவியாக்கலும் உப்பைப் பிரிக்கின்றன. மீட்ட உப்புநீரைச் சாயத்தொட்டிக்கே திருப்பி அனுப்பும்போது, மிச்ச நிறம் வெளிர்நிறத் துணியைக் கெடுக்காதபடி முன்கூட்டியே நிறத்தை நீக்கவேண்டியிருக்கிறது.