சந்தா கட்டிக் குடிக்கும் பீர்

(டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். இது குடியைப் பற்றிய பதிவு என்பதைவிட, பணம் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போகிறது என்பதைப் பற்றிய பதிவு. பி.காம். படித்தவனுக்கு வேறென்ன தெரியும்?)

கலிபோர்னியாவில் பிளசென்ஷியா என்று ஓர் ஊர். அங்கே 2008ல் பேட்ரிக் ரூ என்பவர் ஒரு சின்ன பீர் ஆலை தொடங்கினார். சட்டம் படித்தவர். வக்கீல் வேலைக்குப் போகாமல் பீர் காய்ச்சப் போய்விட்டார். பெயர் 'தி ப்ரூரி', தன் குடும்பப் பெயரை ப்ரூவரிக்குள் நுழைத்துக்கொண்டது. அந்த ஆண்டு ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சும்போது தொட்டதெல்லாம் கோளாறானது. அன்றைய சரக்குக்கு 'பிளாக் டியூஸ்டே' என்றே பெயர் வைத்து, போர்பன் விஸ்கி இருந்த பீப்பாயில் ஒரு வருஷத்துக்கு மேல் ஊறப்போட்டு, 2009 அக்டோபரில் வெளியிட்டார். சாதாரண பீரில் ஆல்கஹால் 5 சதவீதம் என்றால் இதில் ஏறக்குறைய 19. கறுப்பாக, பாகு மாதிரி இருக்கும் என்கிறார்கள். கூட்டம் அள்ளிக்கொண்டு போனது.

அதன்பின் கொஞ்ச நாளிலேயே ஆலை ஒரு சங்கம் ஆரம்பித்தது. ஆண்டுக்கு சில நூறு டாலர் சந்தா. சில பாட்டில்கள் சந்தாவிலேயே அடக்கம், மற்றவற்றை முதலில் வாங்கும் 'உரிமை' மட்டும் உங்களுக்கு. வாங்கினால் தனிக் காசு. சங்கத்துக்குள்ளே இன்னொரு சங்கமும் உண்டு, அதற்கு அழைப்பு வந்தால்தான் சேர முடியும். அதன் பெயர் 'ஹோர்டர்ஸ் சொசைட்டி'. நம் ஊர்க் கணக்கில் பதுக்கல்காரர் சங்கம்! ரேஷன் அரிசியைப் பதுக்கினால் உள்ளே தள்ளுவார்கள், அங்கே பதுக்குவதற்கு உறுப்பினர் அட்டை தருகிறார்கள்.

புனேயில் என்னோடு வேலை பார்க்கும் பையன் ஒருவனுடைய அண்ணன் கலிபோர்னியாவில் இருக்கிறார், இப்படி ஒரு சங்கத்தில் சந்தா கட்டுகிறார். "பீருக்குப் போய் எல்.ஐ.சி. பிரீமியம் மாதிரி வருஷா வருஷம் கட்டுறாரே, ஏன் சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அண்ணன் ஏன் கட்டுகிறார் என்பதைவிட ஆலை ஏன் வாங்குகிறது என்று பார்த்தால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். அமெரிக்காவில் 1920லிருந்து 1933 டிசம்பர் வரை மதுவிலக்கு. அதை எடுத்தபோது பெரும்பாலான மாநிலங்கள் ஒரு ஏற்பாடு செய்தன: காய்ச்சுகிறவன் மொத்த வியாபாரிக்கு விற்கவேண்டும், அவன் கடைக்காரனுக்கு, கடைக்காரன் குடிப்பவனுக்கு. மதுவிலக்குக்கு முன்னால் பெரிய ஆலைகள் சாராயக் கடைகளைத் தங்கள் பிடியில் வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டத்துக்கு இது கடிவாளம். நோக்கம் நியாயமானது. ஆனால் சின்ன ஆலைக்காரன் நிலைமை? இடையில் இரண்டு கை லாபம் எடுத்தபிறகு மிஞ்சுவதுதான் அவனுக்கு.

இன்னொரு வேடிக்கை. 1933க்குப் பிறகு வீட்டில் ஒயின் செய்யலாம், பீர் காய்ச்சினால் மத்திய சட்டப்படி குற்றம்! 1978 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்தில்தான் இது மாறியது. ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம் என்றானது. அந்தக் காலத்தில் நாடு முழுக்க நூறு ஆலைகூடத் தேறாது, எல்லாம் ஒரே மாதிரி வெளிர் மஞ்சள் பீர். வீட்டுச் சமையலறையில் காய்ச்சிப் பழகியவர்கள்தான் அடுத்த முப்பது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான சின்ன ஆலைகளைத் திறந்தார்கள். 1982ல் கலிபோர்னியா, காய்ச்சும் இடத்திலேயே விற்கலாம் என்று பப்களுக்கு வழிவிட்டது. இந்த நேரடி விற்பனை வாசல் இல்லையென்றால் சங்கமும் இல்லை. சங்கம் என்பதே மொத்த வியாபாரியையும் கடைக்காரனையும் சுற்றிக்கொண்டு போகிற பாதைதான். நாபா பள்ளத்தாக்கில் ஒயின்காரர்கள் ஏற்கெனவே போட்டு வைத்த பாதை அது.

இப்போது பீப்பாய்க்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியை உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் முதிர வைக்கவேண்டும். ஒருமுறை போர்பனுக்குப் பயன்பட்ட பீப்பாய் மறுபடி போர்பனுக்கு உதவாது. ஆகவே கென்டக்கியில் பழைய பீப்பாய் மலை மலையாகச் சேர்ந்தது. 1990களின் முதற்பாதியில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையில் கிரெக் ஹால், ஜிம் பீம் கம்பெனியின் பழைய பீப்பாய்களில் கனமான கறுப்பு பீரை ஊற்றி வைத்துப் பார்த்தார். 'போர்பன் கவுண்டி ஸ்டவுட்' பிறந்தது. மரத்தில் ஊறியிருந்த விஸ்கி, வெனிலா மணம், கருகல் எல்லாம் பீருக்குள் இறங்கின. எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள்.

ஆனால் பீர்த் தொழிலின் அழகே வேகம்தானே? மால்ட் வாங்கி, காய்ச்சி, மூன்று நான்கு வாரத்தில் விற்றுக் காசாக்கிவிடலாம். பீப்பாய் பீரில் அது அடிபட்டுப் போகிறது. மால்ட்டுக்கு இன்றைக்கே காசு. பீப்பாய்க்கு, கிடங்கு வாடகைக்கு, ஆளுக்கு இன்றைக்கே காசு. சரக்கு வெளியே வருவது ஒன்றரை வருஷம் கழித்து. அதற்குள் ஒரு பங்கு மரத்தின் வழியாக ஆவியாகிப் போய்விடும். விஸ்கிக்காரர்கள் அதை 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். என் மேஜைக்கு இப்படி ஒரு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் வந்தால் என்ன செய்வேன்? 200 லிட்டர் பீப்பாய் முந்நூறு, உள்ளே இருப்பது தேறுமா புளிக்குமா என்று காய்ச்சியவருக்கே தெரியாது, மாதா மாதம் தேவதை வேறு குடிக்கிறது. மார்ஜினை ஏற்றுவேன், இல்லையென்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவேன்.

வங்கி தயங்கும் இடத்தில்தான் அண்ணன் வருகிறார். அடுத்த ஆண்டு முழுக்க வரப்போகும் பாட்டிலுக்கு இந்த ஆண்டே சந்தா கட்டுகிறார். வட்டி கிடையாது. அடமானம் கிடையாது. பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்புகள் பக்கம் 'வாடிக்கையாளர் முன்பணம்' என்று ஒரு வரி. இதைவிட மலிவான ஒர்க்கிங் கேபிடல் நான் பார்த்ததில்லை. எத்தனை பேர் வாங்குவார்கள் என்று முன்கூட்டியே தெரிவதால், எத்தனை பீப்பாய் நிரப்பலாம் என்றும் தெரிந்துவிடுகிறது. இதில் மோசடி எதுவும் இல்லை, சொல்லிவிட்டுத்தான் வாங்குகிறார்கள். கடன் கொடுக்கிறோம் என்று கொடுப்பவருக்கு மட்டும் தோன்றுவதில்லை, கௌரவமாகத் தோன்றுகிறது.

அந்தக் கௌரவத்துக்கு எண்ணெய் ஊற்றியது மதிப்பெண். 1977ல் மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயர் (அவர் இல்லை, இவர் பத்திரிகையாளர்) உலக பீர்களைப் பற்றிப் புத்தகம் எழுதி, பீருக்கும் ரகம், ஊர், வரலாறு உண்டென்று புரியவைத்தார். 2000ல் 'ரேட்பீர்' தளம் வந்தபிறகு குடிப்பவர்களே மார்க் போட ஆரம்பித்தார்கள். மார்க் ஏற ஏற வரிசை நீண்டது. சான்டா ரோசாவில் ரஷ்யன் ரிவர் ஆலை 2005லிருந்து ஆண்டுக்கு ஒருமுறை, சுமார் இரண்டே வாரம், 'பிளினி தி யங்கர்' என்று ஒன்று ஊற்றுகிறது. குளிரில் மணிக்கணக்கில் நின்று குடித்துவிட்டுப் போகிறார்கள். இண்டியானாவின் த்ரீ ஃப்ளாய்ட்ஸ் ஆலையோ 'டார்க் லார்ட்' பீருக்கு ஆண்டுக்கு ஒரு நாள் திருவிழாவே வைத்தது.

கூடவே பிளாக் மார்க்கெட்டும் வந்தது. ஈபேயில், இது சேகரிப்பாளர்களுக்கான பாட்டில், விலை பாட்டிலுக்குத்தான், உள்ளே இருப்பது கணக்கில் இல்லை என்று எழுதி வைத்துப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். 2012ல் ஈபே அதை மூடியது. சந்தாக்காரர்களில் சிலர் குடிப்பதற்காகச் சேரவில்லை, மாற்றிக்கொள்ள நாணயம் வேண்டும் என்று சேர்ந்தார்கள். வெளிமாநிலத்துக்காரர்களும் சேர்ந்து, ஆலைக்குப் பக்கத்தில் இருக்கும் நண்பரைப் பதிலாளாக வைத்துப் பாட்டிலை எடுத்தார்கள். கிட்டத்தட்ட நம் ஆதரைசேஷன் லெட்டர்தான்.

சரி, ரிஸ்க் யாருடையது? 2015ல் கூஸ் ஐலண்ட் வெளியிட்ட போர்பன் கவுண்டி வகைகளில் சிலவற்றில் பாக்டீரியா புகுந்து புளித்துவிட்டது. 2016ல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். முடிந்தது எப்படி? 2011லேயே அந்த ஆலையை பட்வைசர்காரர்கள் 3 கோடியே 88 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார்கள், பின்னால் யானை இருந்தது. யானை இல்லாதவர்கள் கதை வேறு. சான் டியாகோவில் மாடர்ன் டைம்ஸ் என்று ஓர் ஆலை, அவர்களும் ஆண்டுச் சந்தா சங்கம் நடத்தியவர்கள். கடன் வாங்கி ஊர் ஊராகக் கடை திறந்தார்கள். கொரோனா வந்தது. 2022 பிப்ரவரியில் நான்கு கடைகளை மூடினார்கள், அடுத்து கடன் கொடுத்த வங்கியின் மனுவில் கோர்ட் ரிசீவர் வந்தார். இப்படி ஒரு கம்பெனி நொடித்தால் முதல் கை வங்கியுடையது. பாட்டில் வரும் என்று முன்பணம் கட்டியவர் பொதுவாக வங்கிக்குப் பின்னால், பிணையில்லாத கடனீந்தோர் வரிசையில் நிற்கவேண்டியதுதான்.

ஸ்காட்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2007ல் தொடங்கிய ப்ரூடாக், 2009லிருந்து 'ஈக்விட்டி ஃபார் பங்க்ஸ்' என்று குடிப்பவர்களிடமே பங்கு விற்றது. தள்ளுபடி, புது பீருக்கு முன்னுரிமை, ஆண்டுக் கூட்டத்தில் ஆட்டம் பாட்டம். ஒரு லட்சத்துக்கும் மேலானோர் சேர்ந்தார்கள். 2017ல் டி.எஸ்.ஜி. என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் சுமார் 21 கோடி பவுண்டுக்கு 22 சதவீதம் வாங்கியது. அவர்கள் வாங்கியது முன்னுரிமைப் பங்கு, ஆண்டுக்கு 18 சதவீதம் கூட்டு. 72ஐ 18ஆல் வகுத்துப் பாருங்கள், நாலு வருஷத்தில் இரட்டிப்பு. எட்டு வருஷத்தில் ஏறக்குறைய நாலு மடங்கு. கம்பெனியை விற்றால் அந்தத் தொகை போகத்தான் மற்றவர்களுக்கு. பங்கு வாங்கிய பீர் ரசிகர்களில் எத்தனை பேர் அந்த ஷரத்தைப் படித்திருப்பார்கள்? ப்ரூரியின் சந்தாக்காரருக்கு ஒரு வருஷப் பணம்தான் மாட்டும். இவர்களுக்கு மாட்டியது அதைவிடப் பெரிது.

இதெல்லாம் நடப்பதற்குள் அருமையே அருகிவிட்டது. அமெரிக்காவில் 2020களில் ஆலைகள் ஒன்பதாயிரத்தைத் தாண்டின. பீப்பாய் பீர் தெருவுக்குத் தெரு வந்தபின் அழைப்பிதழுக்கு என்ன மதிப்பு? 19 சதவீதப் பாகுத் தண்ணீர் பெரிய பாட்டிலில் வருகிறது, அதை ஒரு ஆள் தனியாக முடிக்கவும் முடியாது. வீட்டு அலமாரிகளில் சேர்ந்தது. 2024ல் புதிதாகத் திறந்த ஆலைகளைவிட மூடியவை அதிகம். மார்க் போட்ட ரேட்பீர் தளமே 2025ல் மூடப்பட்டது.

அந்தத் தளம் 2005ல் உலகின் சிறந்த பீர் என்று தேர்ந்தெடுத்தது பெல்ஜியத்தின் வெஸ்ட்விளெடெரன் 12. செயின்ட் சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் காய்ச்சுவது. மடத்து வாசலில் கார்கள் கிலோமீட்டர் கணக்கில் நின்றன. வேறு யாராக இருந்தாலும் ஆலையைப் பெரிதாக்கியிருப்பார்கள், இல்லை சந்தா வசூலித்திருப்பார்கள். துறவிகள் உற்பத்தியையும் கூட்டவில்லை, விலையையும் ஏற்றவில்லை. போன் செய்து பதிவு செய்யவேண்டும், கார் நம்பர் சொல்லவேண்டும், ஒரு முறை வாங்கியவர் 60 நாள் கழித்துத்தான் மறுபடி வாங்கலாம், மறுவிற்பனை கூடாது என்று ஒழுங்கு வைத்தார்கள், அவ்வளவுதான். மடத்துக் கட்டடத்தைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டபோது மட்டும், 2012 டிசம்பர் 12 அன்று அமெரிக்காவில் ஆறு பாட்டில் பெட்டியை 84.99 டாலருக்கு விற்றார்கள். அதற்குப்பின் பழையபடி வாசல் விற்பனை. 2018ல் நெதர்லாந்து சூப்பர்மார்க்கெட் ஒன்று எங்கிருந்தோ சில ஆயிரம் பாட்டில் பிடித்து, மடத்தில் இரண்டு யூரோவுக்கும் குறைவான சரக்கை ஏறத்தாழ பத்து யூரோவுக்கு விற்றபோது துறவிகள் கோபப்பட்டார்கள்.

2019ல் போனை விட்டுவிட்டு இணையத்துக்கு மாறினார்கள். பெயர் பதிந்துகொள்ள வேண்டும், அதற்குக் காசு கிடையாது. யாருக்கு முன்னுரிமை தெரியுமா? நிறைய வாங்கியவருக்கு இல்லை. கடைசியாக வாங்கி ரொம்ப நாளானவருக்கு.